பிடிபட்ட கப்பல்

எனக்குக் கப்பல் என்றாலே ஒத்துவராது. பஸ்ஸின் மேல்தட்டில் ஏறி இருந்தாலே தலை சுற்றுகிற ஆள் நான். அப்படியிருந்தும் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலின் வரலாறு முழுவதும் எனக்குத் தெரியும். விரும்பிப் படித்தது அல்ல. என் கணவர் தியாகராஜா சொல்லிச் சொல்லி என் காதில் ஏற்றியது.

நீங்கள் அவரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று விளங்குகிறது. கப்பலில் தொடங்கினால்தான் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரும். சிவரூபினி தங்கச்சி, இங்கிலிஷ் எனக்கும் ஓரளவு வரும். ஆனால் இதைப் பிழையில்லாமல் சொல்லத் தமிழ்தான் வேண்டும். நான் ஆறுதலாகச் சொல்லுகிறேன், நீங்களும் அவசரப்படாமல் இந்த அதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அவர் சரக்குக் கப்பல்களில் என்ஜினியராக இருந்தவர். லண்டன் வந்த பிறகு லிஃப்ட் திருத்துகிற கம்பனியில் வேலை. நோர்பரியில் வீடு. லீவு நாள் வந்தால் மற்றக் குடும்பங்கள் கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ போகும். நாங்கள் கிரீனிச்சில் இருக்கிற கடல் அருங்காட்சியகத்துக்குப் போவோம். அங்கே ஒரு பழைய கப்பலின் பின்பக்கத்தை மட்டும் வைத்திருக்கிறார்கள். பெரிய வீடொன்றின் முகப்பு மாதிரி இருக்கும், வரிசையாக ஜன்னல்களோடு. அதற்கு முன்னால் நின்றுதான் அவர் எனக்குப் பாடம் எடுப்பார்.

"இஞ்ச பார், கலா. இது பிரெஞ்சுக்காரன் கட்டினது. துகே-த்ரூவன் எண்டு பேர். எழுபத்து நாலு பீரங்கி. திரஃபல்கர் சண்டையில நெப்போலியன்ர பக்கம் நிண்டு, தப்பி ஓடினது. ரெண்டு கிழமையில இங்கிலிஷ்காரன் துரத்திப் பிடிச்சிட்டான். கப்டன் செத்துப்போனான். பாய்மரமெல்லாம் முறிஞ்சு விழுந்தது. அதுக்குப் பிறகுதான் கொடியை இறக்கினது."

"பிறகு?" என்று நான் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முகம் கறுத்துவிடும்.

"பிறகென்ன. இழுத்துக்கொண்டு வந்து, திருத்தி, பேரை மாத்தி, தன்ர கொடியை ஏத்தினான். அதுக்குப் பிறகு இங்கிலிஷ்காரனுக்குத்தான் உழைச்சது. ரஷ்யனோட சண்டை பிடிச்சது. சிரியாப் பக்கம் போய்ச் சண்டை பிடிச்சது. ஒரு நாள் முரண்டு பிடிக்கேல்லை. பிடிச்சவன் கெட்டிக்காரன் எண்டால் கப்பல் சொன்னபடி கேக்கும்."

வீட்டுக்கு ஆட்கள் வந்தாலும் இதே கதைதான். சொல்லி முடித்துவிட்டு, தேத்தண்ணித் தட்டோடு வருகிற என்னைக் காட்டி, "எங்கட வீட்டுக் கப்பலும் அப்பிடித்தான். பிடிச்ச நாள் துவக்கம் முரண்டே இல்லை" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பகிடி விட்டால் சிரிக்கத்தானே வேண்டும்.

அவர் என்னை அடித்ததில்லை. இதை முக்கியமாகச் சொல்லுங்கோ. குடிப்பழக்கமும் கிடையாது. அவரிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு சொல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிற வேலைக்கு என்னைக் கேட்டார்கள். அவர் இல்லை என்றார். கார் பழகட்டுமா என்றேன். இல்லை. ரொறன்ரோவில் அம்மா செத்தபோது டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டேன். பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல் இல்லை என்றார். சத்தம் போடவே மாட்டார். நானும் இரண்டாம் தரம் கேட்க மாட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவரிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். அவருக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்றெல்லாம் கேட்டார்கள். என்னைப் பார்த்து அவ்வளவு கேள்வி யாரும் அதுவரை கேட்டதில்லை.

பிறகு எல்லாம் பழகினேன். அவருக்குச் சுகர் வருத்தமும் இருந்தது, இன்சுலின் ஊசி போட நர்ஸ் பழக்கினா. சுகர் கூடினால் என்ன செய்வது, குறைந்தால் என்ன செய்வது, எந்த நேரம் ஜூஸ் கொடுப்பது, எந்த நேரம் அம்புலன்ஸைக் கூப்பிடுவது. என்னை மாதிரிக் கவனமான ஆளைத் தான் பார்த்ததில்லை என்று அவ சொன்னா. கார் பழகி, மூன்றாம் தரம் பாஸ் பண்ணினேன். கோயிலுக்குப் போனால் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார்கள். "கலாக்கா, உங்களைப் போல ஒரு மனுசி எங்களுக்குத் தெரிஞ்சு இல்லை" என்பார்கள். பூசை முடிந்து வரும்போது எனக்கு வழி விடுவார்கள்.

பொய் சொல்ல வரவில்லை. அவை நல்ல வருடங்கள். பின்னேரத்தில் அவரைச் சாய்கதிரையில் இருத்திவிட்டு நான் அன்றைக்கு நடந்ததெல்லாம் சொல்லுவேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். கலியாணம் முடித்த நாளில் இருந்து நான் ஆசைப்பட்டது அதுதான்.

பேச்சுப் பயிற்சிக்கு ஆட்கள் வர இருந்தார்கள்தான். நான்தான் வேண்டாம் என்றேன். அவர் களைத்துப்போவார் என்று சொன்னேன். திரும்ப ஃபோன் எடுத்தபோதும் அதையே சொன்னேன். பிறகு அவர்கள் எடுக்கவில்லை. அந்த நேரம் எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

போன வருடம் என் மகன் ரதீசன் எனக்குச் சொல்லாமல் டாக்டரோடு கதைத்து மஹதியை வரவழைத்தான். அவன் ஹவுன்ஸ்லோவில் குடும்பத்தோடு இருக்கிறான், விமான நிலையத்தில் வேலை. மஹதி சென்னைப் பிள்ளை, பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவ. நல்ல பிள்ளை. அவ மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. வந்த முதல் நாளே, "அங்கிளுக்கு எதுல ஆசை ஆன்ட்டி?" என்று கேட்டா. எனக்கு ஒன்றும் நினைவு வரவில்லை என்று சொன்னேன். ரதீசன் கப்பல் என்றான்.

அவர்கள் அவரைச் சக்கர நாற்காலியில் கிரீனிச்சுக்குக் கொண்டுபோனார்கள். நானும் போனேன். பாரிசவாதம் வந்த பிறகு நான் அவரை அங்கே கூட்டிப்போகவே இல்லை. மஹதி அந்தப் பின்பக்கத்துக்கு முன்னால் நின்று, இங்கிலிஷ்காரர் வைத்த பெயரை வாசித்தா. "இம்ப்ளக்கபிள். அப்படின்னா மனசு இரங்காதவள்னு அர்த்தம் அங்கிள். சரியா?"

அவர் தலையை நிமிர்த்தினார். வாய் கோணியது. தொண்டையில் ஏதோ உருண்டது.

"இல்லை" என்றார்.

மஹதி வாயைப் பொத்திக்கொண்டா. ரதீசன் நிலத்தில் குந்தி, அப்பாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். எல்லோரும் ஒரே காரணத்துக்காக அழுததாக மஹதி நினைத்தா.

"வேற என்ன பேர் அங்கிள்? சொல்லுங்க, சொல்லுங்க."

"துகே," என்றார். கனநேரம் கழித்து, "த்ரூவன்."

அங்கேயே மஹதி தன் ஃபோனில் மிச்ச வரலாற்றைத் தேடி வாசித்தா. அந்தக் கப்பலின் முடிவை அவர் எனக்கு ஒருபோதும் சொன்னதில்லை. வெற்றிகளோடு நிறுத்திவிடுவார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது கப்பல் பழுதாகிக் கிடந்ததாம். திருத்த இங்கிலாந்திடம் காசில்லை. உங்கட கப்பல்தானே, எடுங்கோ என்று பிரான்ஸிடம் கேட்டார்கள். அவர்களும் வேண்டாம் என்றார்கள். கடைசியில் கடலுக்கு இழுத்துப்போய், பிரெஞ்சுக் கொடியையும் இங்கிலிஷ் கொடியையும் சேர்த்து ஏற்றி, மரியாதையோடு அடியில் வெடி வைத்தார்கள். அடிப்பாகம் போய்விட்டது. ஆனால் கப்பல் உடனே தாழவில்லை. மணித்தியாலக்கணக்காக மிதந்துகொண்டு நின்றதாம். இரண்டு பக்கத்து ஆட்களும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

அவருக்குக் கண்ணீர் வழிந்தது. எனக்கு மனதில் ஒரு ஆறுதல் வந்தது. ஒருவருக்கும் தேவையில்லாமல் போன ஒன்றை அப்படி மரியாதையாக முடித்துவைக்கலாம் என்று பெரிய பெரிய ஆட்களே நினைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. தண்ணி என்றார். ரதீசன் என்றார். பீரங்கி என்றார். மஹதி கைதட்டுவா. "ஆமா அங்கிள், சூப்பர் அங்கிள்." ஒரு வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்கு வெளிக்கிட்டு, கார்த் திறப்பைக் கையில் எடுத்தேன்.

"எங்கை?" என்றார்.

"கோயிலுக்கப்பா. வழக்கமாப் போறதுதானே."

"இல்லை" என்றார்.

நான் சப்பாத்தைக் கழற்றி வைத்தேன். ஏன் கழற்றினேன் என்று எனக்கே விளங்கவில்லை. கால் தன்பாட்டில் கழற்றியது. அவர் சிரித்தார். சிரிப்பு வலப்பக்கம் ஏறவில்லை, இடப்பக்கம் மட்டும் ஏறியது. பிறகு எந்த வெள்ளியும் நான் போகவில்லை. கோயிலில் என்னைத் தேடினார்களாம்.

நோர்பரியில் எங்கட முதியோர் சங்கம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு சனிக்கிழமை அவர் எழும்பி நின்று, தன் வாயால் அந்தக் கப்பலின் கதையைச் சொல்லவேண்டும் என்று மஹதி ஒழுங்கு செய்தா. சின்னச் சின்ன வசனங்கள். பிரெஞ்சுக்காரன் கட்டினான். இங்கிலிஷ்காரன் பிடிச்சான். அவர் நாள் முழுக்க அதையே சொல்லிப் பார்ப்பார். நான் சமைக்கும்போது கேட்கும். குளிக்கும்போது கேட்கும். பிடிச்சான், பிடிச்சான் என்று. கதையின் முடிவில் என்னைக் காட்டிச் சொல்லுகிற பகிடியையும் அவர் பழகிக்கொண்டிருந்தார். மஹதிக்கு அது நல்லாப் பிடித்திருந்தது. "செம க்யூட் ஆன்ட்டி" என்றா.

அந்தச் சனிக்கிழமை கந்தசஷ்டி முடிந்து வருகிற சனிக்கிழமை.

அதிகாரிக்கு விரதம் என்றால் என்னவென்று விளக்கமாகச் சொல்லுங்கோ. ஆறு நாள். சிலர் மிளகும் தண்ணியும் மட்டும் எடுப்பார்கள். சிலர் இரவில் பாலும் பழமும் எடுப்பார்கள். ஏழாம் நாள்தான் சோறு. அவர் முந்தி வருடம் தவறாமல் இருந்தவர். பாரிசவாதத்துக்குப் பிறகு டாக்டர் கூடாது என்று சொல்லிவிட்டார். இன்சுலின் போடுகிற ஆள் சாப்பிடாமல் இருக்கக் கூடாது.

இந்த வருடம் அவர் விரதம் இருந்தார். முதல் நாள்களில் இரவில் பாலும் பழமும் கொடுத்தேன். ஐந்தாம் நாள் கொடுக்கவில்லை. அதற்கு முதல் நாள் இரவும் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். நாலாம் நாளைச் சொல்லுகிறேன். ஊசியை மட்டும் நான் ஒரு வேளையும் விடவில்லை. டாக்டர் சொன்ன அளவுதான். கூட்டிப் போட்டேன் என்று யாராவது சொன்னால் அது பொய்.

ஐந்தாம் நாள் பின்னேரம் மஹதி கடைசிப் பயிற்சிக்கு வந்தா. கையில் ஒரு சின்னச் சில்வர் டப்பா. அவர் சாய்கதிரையில் இருந்தார். சேட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"ஆன்ட்டி, அங்கிளுக்கு ஏன் இப்படி வேர்க்குது? கை நடுங்குதே."

"விரதமெல்லே, பிள்ளை. சஷ்டி. அஞ்சாம் நாள், அதான் களை."

"சஷ்டியா? ஐயோ, தெரியாம அக்காரவடிசல் செஞ்சு எடுத்துட்டு வந்துட்டேன். எங்க வீட்ல இந்த விரதமெல்லாம் கிடையாது. சாரி ஆன்ட்டி." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "டாக்டர் ஓகே சொல்லிட்டாரா?" என்றா.

"ஓம். கேட்டுத்தான் துவங்கினது."

அப்போது அவர் இடக்கையை நீட்டினார். மெதுவாக நீட்டினார். விரல் டப்பாவின் மூடியில் பட்டது. நெய்யும் வெல்லமும் மணத்தன.

"தா" என்றார்.

மஹதி என்னைப் பார்த்தா. அவரைப் பார்த்தா. திரும்ப என்னைப் பார்த்தா. அவ அந்த மூடியைத் திறந்திருந்தால் நான் தடுத்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. தடுத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"விரதம் முறிஞ்சு போமப்பா," என்றேன். "இவ்வளவு நாள் இருந்திட்டியள். இன்னும் ஒரு நாள்தானே." டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் குசினியில் வைத்தேன். திரும்பி வந்தபோது மஹதி அவரைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டு நின்றா. "நீங்க கிரேட் அங்கிள். ரெஸ்ட் எடுங்க. சனிக்கிழமை கலக்கிடலாம்" என்றா. எனக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமல், விரத வீட்டில் நின்றதற்கே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டா.

வெள்ளைக்கார நர்ஸ் யாராவது வந்திருந்தால் அவரின் வாயைத் திறந்து சீனியை அள்ளிப் போட்டிருப்பா. மஹதிக்கு அது வராது. எங்கட ஆட்களில் யாரும் இன்னொருவரின் விரதத்தை முறிக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்லாதேங்கோ. மரியாதை தெரிந்த பிள்ளை.

அவ போன கையோடு ஃபோன் கத்தத் தொடங்கியது. அவரின் கையில் ஒட்டியிருந்த சென்சர் சுகர் குறைந்தால் ஃபோனுக்குச் சொல்லும். ஃபோனை மெத்தைக்கு அடியில் வைத்தேன். அங்கேயிருந்தும் கேட்டது. நிறுத்தினேன். பிறகு வீட்டு ஃபோன் அடித்தது. ரதீசன். அந்தச் சென்சர் அவனுக்கும் சொல்லும் என்பதை நான் மறந்துபோனேன்.

"அம்மா, அப்பாவுக்கு சுகர் கடுமையா இறங்குது எண்டு இஞ்ச காட்டுது. என்ன நடக்குது?"

"ஒண்டுமில்லை ராசா. விரதமெல்லே. இப்பதான் ஜூஸ் குடுத்தனான். குடிச்சிட்டார். இனி ஏறும்."

"எனக்குப் பயமாக் கிடக்கு. ஷிப்டை விட்டிட்டு வரட்டோ?"

"விசரே உனக்கு? இஞ்ச இருந்து சிரிக்கிறார். வேலையைப் பார்."

"அவரோட ஒருக்காக் கதைக்கட்டோ?"

"அவர் எங்கை கதைக்கிறது, ராசா. களைச்சுப்போனார்."

பிறகு, "ஓம் அம்மா. நீங்கள் பக்கத்தில இருக்கிறியள்தானே" என்றான். என்னை அவன் சந்தேகிக்கவில்லை. சந்தேகிக்க நான் இடம் வைத்ததில்லை.

ஒன்றை ஒளிக்கக் கூடாது. முதலில் நான் சொன்னதில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது. கப்பலை இரண்டு நாடும் வேண்டாம் என்றன. அவரை ரதீசன் கேட்டவன். ஆவணி மாதம் வந்து, "அம்மா, நீங்கள் பட்டது போதும். அப்பா இனி எங்களோட ஹவுன்ஸ்லோவில இருக்கட்டும். நீங்கள் ரொறன்ரோ போய்ச் சித்தியோட கொஞ்ச நாள் நிண்டிட்டு வாங்கோ" என்றான். அறைகூட ஒதுக்கி வைத்திருந்தான். நான் மாட்டேன் என்றேன். அவர் அங்கே போய்விட்டால் நான் யார்? கோயிலில் என்னிடம் என்ன கேட்பார்கள்?

இன்னொன்று. விரதம் இருக்கவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. முதல் நாள் காலையில் நான்தான் அவருக்குத் திருநீறு பூசி, "இண்டைக்குச் சஷ்டி துவங்குது, விரதமப்பா" என்று சொன்னேன். அவர் இல்லை என்றார். எனக்குக் கேட்டது.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். தனக்கு என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டீர்கள். தெரிந்திருந்தது. நான் ரதீசனோடு கதைத்துவிட்டு ஃபோனை வைத்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலா, எனக்கு ஏலாமல் வருது. அம்புலன்ஸைக் கூப்பிடு."

ஒரு சொல்லும் குழறவில்லை. அந்த ஆறு வருடத்தில் மஹதி சொல்லிக்கொடுக்காமல் அவராகப் பேசிய முதல் முழு வசனம் அது. நான் கிட்டப் போய் இருந்து, சேலைத் தலைப்பால் அவரின் நெற்றியைத் துடைத்தேன்.

"உங்களுக்குக் கதைக்க ஏலாதப்பா," என்றேன். "கஷ்டப்படாதேங்கோ."

திரும்பவும் அதையே சொன்னார். இந்த முறை மெதுவாக. நானும் அதையே சொன்னேன். மூன்றாம் தரம் அவரின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் அவரின் கையைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் போய், அவரின் மூச்சு அடங்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். எழும்பவில்லை, ஃபோனைத் தொடவில்லை. அவர் அம்புலன்ஸ் கேட்டார் என்று இனி எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். ஆறு வருடமாக அவருக்காகப் பேசினது நான். அவருக்கு என்ன தேவை என்று என்னைவிட அவருக்குத் தெரியுமா?